பாலைவன ஆமை என்று குட்டியைக் காயப்போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்ண மீன் கடைகளிலும் செல்லப்பிராணிக் கடைகளிலும் சல்கேட்டா என்ற ஆப்பிரிக்கத் தரை ஆமையின் குட்டிகள் விற்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் அளவு, வெளிர் மஞ்சள் ஓடு, ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றிப் பழுப்புக் கரை. வாங்குபவருக்குக் கடையில் சொல்லி அனுப்புவது பெரும்பாலும் இவ்வளவுதான்: "பாலைவனத்து ஆமை சார், தண்ணியே தேவையில்ல. வெள்ளரிக்காயும் கீரையும் போடுங்க, போதும்." இரண்டுமே தவறு. இதை நம்பி வளர்க்கப்படும் குட்டிகளில் பல சில மாதங்களில் சாகின்றன. பிழைப்பவை ஓடு கூம்பு கூம்பாகப் புடைத்து, வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கின்றன.

சல்கேட்டா, சஹாரா பாலைவனத்தின் தென் விளிம்பில் செனகல் முதல் சூடான், எத்தியோப்பியா வரை வாழும் இனம். நிலம் வறண்டதுதான். ஆனால் ஆமை அந்த வறட்சியில் வெளியே கிடப்பதில்லை. ஆழமான வளை தோண்டி, வெயில் நேரத்தை அதற்குள் கழிக்கிறது. வளைக்குள் காற்று ஈரமாக இருக்கும். கடையில் சொல்லும் 'பாலைவனம்' வளைக்கு வெளியே இருப்பது. குட்டி வளர்வது உள்ளே. மேலோடு கூம்பாவதற்குப் புரதம்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சல்கேட்டா குட்டிகளை வைத்துச் செய்து 2003-இல் வெளியான ஆய்வு வேறு விடை தந்தது. காற்றில் ஈரம் குறைந்த இடத்தில் வளர்ந்தவற்றின் ஓடுதான் அதிகம் புடைத்தது. புரதத்தின் பங்கு சிறிது.

இதை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். ஓட்டின் கட்டங்களுக்கு இடையே வெளிர் நிறத்தில் ஒரு கோடு ஓடும். அதுதான் புது வளர்ச்சி. விரல் நுனியால் தடவினால் கட்டமும் கோடும் ஒரே மட்டத்தில் வழவழப்பாக இருக்க வேண்டும். கோடு பள்ளமாகி, கட்டத்தின் ஓரம் அதற்குள் சரிவதுபோல் இருந்தால் குட்டி உலர்ந்துகொண்டிருக்கிறது. அன்றே இருப்பிடத்தை மாற்றினால் இனி வளர்வது சமமாக வளரும். ஏற்கெனவே புடைத்தது இறங்காது. ஓட்டில் தேங்காய் எண்ணெய் தடவுவதால் ஒரு பயனும் இல்லை.

இருப்பிடத்துக்குக் கண்ணாடி மீன் தொட்டி வேண்டாம். வெளியே தெரியும் இடத்துக்குப் போகமுடியாமல் குட்டி நாள் முழுக்கக் கண்ணாடியை முட்டி ஓய்ந்துபோகும். நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பிளைவுட் பெட்டி செய்து, உட்புறம் தடித்த பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினால் முதல் ஆண்டுக்குப் போதும். தரைக்குத் தேங்காய் நார்த்தூள். நர்சரிகளில் கோகோபீட் என்று கேட்டால் கிடைக்கும். ஐந்து கிலோ கட்டி ஒன்று ஊறினால் இந்தப் பெட்டியில் மூன்று அங்குல உயரம் நிரம்பிவிடும். நார்த்தூளில் உப்பு இருக்கும்; இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்த பிறகே போட வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. மேலே தூவித் தெளிப்பதைவிடப் பெட்டியின் மூலையில் தண்ணீரை ஊற்றி அடிப்பகுதியில் பரவ விடுவது நல்லது. மேல்பரப்பு சொதசொதவென்று இருந்தால் வயிற்று ஓடு அழுகும்.

ஈரம் என்றால் கூடவே கதகதப்பும் இருக்க வேண்டும். குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்தால் சளி பிடித்து நுரையீரலுக்குப் போகும். இரவிலும் பெட்டிக்குள் 26 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கக் கூடாது. சென்னையில் கோடை மாதங்களில் இது பெரும்பாலும் தானாகவே அமையும். ஊட்டி, கொடைக்கானல், ஓசூர் பக்கம் வளர்ப்பவர்கள் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரை, வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் பொருத்தியே ஆக வேண்டும். ஏ.சி. அறை எந்த ஊரிலும் ஆகாது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் கோடைக்காற்று உலர்ந்தது என்பதால் பெட்டியின் மேற்பகுதியில் முக்கால் பாகத்தை மூடிவைக்கலாம். ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்றை ஆமையின் உயரத்தில், தரையை ஒட்டி வையுங்கள். மூடியில் ஒட்டிவைத்தால் அது வேறு கணக்கு காட்டும். ஒரு மூலையில் பழைய மண்தொட்டியைப் பாதியாக உடைத்து, கூர்மையைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் குட்டிக்கு வளை கிடைத்துவிடும்.

ஆற்று மணல், கூழாங்கல் இரண்டும் வேண்டாம். தீனியோடு விழுங்கி குடல் அடைத்துப்போகும். வழுக்கும் டைல்ஸ் தரையில் நடந்தால் கால்கள் விரிந்து வளரும்.

குட்டியைத் தினமும் குளிக்க வைக்க வேண்டும். செங்குத்தான விளிம்புள்ள ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், மேலோடும் வயிற்று ஓடும் சேரும் மட்டம் வரை. தலை தாராளமாக மேலே நிற்க வேண்டும். பதினைந்து முதல் இருபது நிமிடம். அப்போதுதான் அது வயிறாரக் குடிக்கும், கழிக்கும். கழிவில் வெள்ளையாக வருவதைக் கவனியுங்கள். தயிர்போல் குழைவாக இருந்தால் நலம். மணல்போல் நறநறத்தால் உடலில் நீர் போதவில்லை, சிறுநீர்ப்பையில் கல் உருவாகலாம் என்று பொருள். முதல் சில வாரம் காய்ந்து கிடந்த குட்டிக்குச் சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம். அது இரண்டு மூன்று மாதம் நன்றாகத் தின்றுவிட்டுத் திடீரென்று முடங்கும்போது காரணமே தெரியாது. பெட்டிக்குள் பூந்தொட்டியின் ஆழமில்லாத அடித்தட்டில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். ஆழமான கிண்ணம் வைத்தால் குட்டி கவிழ்ந்து மூழ்கிவிடும். இது தரை ஆமை. இதற்கு நீந்தத் தெரியாது.

வெயில் நேரடியாகப் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் சூடு வரும், ஓடு இறுகத் தேவையான புற ஊதாக் கதிர் வராது. காலை எட்டரை மணியையொட்டி அரை மணி நேரம், பாதி நிழல் உள்ள இடத்தில் விடலாம். காக்கையும் பூனையும் எலியும் குட்டியைத் தூக்கிவிடும் என்பதால் மேலே கம்பி வலை அவசியம். பங்குனி, சித்திரையில் மொட்டை மாடித் தரையில் விடாதீர்கள். கவிழ்ந்த குட்டி சில நிமிடங்களில் வெந்துபோகும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைப்பது அதைவிட ஆபத்து. வெயிலே எட்டாத அடுக்குமாடி வீடு என்றால் ஊர்வனவற்றுக்கென்று விற்கும், இந்தப் புற ஊதாக் கதிரைத் தரும் நீளமான யு.வி.பி. டியூப் லைட் வேண்டும்.

தீனி விஷயத்தில் ஒன்றை மனத்தில் வைத்தால் போதும்: சல்கேட்டா புல் தின்னும் பிராணி, மாட்டைப் போல. அருகம்புல்தான் அடிப்படை. குட்டியின் வாய்க்கு நீளமான புல்லைக் கிழிக்கத் தெரியாது. கத்தரிக்கோலால் ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்க வேண்டும். வெறும் புல்லை முகர்ந்துவிட்டுப் போனால் செம்பருத்தி இலையும் பூவும் பொடியாக நறுக்கிக் கலந்தால் தின்னும். மல்பெரி இலை மிக நல்லது. முருங்கை இலை வாரத்துக்கு ஓரிரு முறை. சப்பாத்திக்கள்ளியின் மடலை அடுப்புத் தீயில் வாட்டி, முள்ளையும் கண்ணுக்குத் தெரியாத நுண்முட்களையும் சுரண்டி எடுத்துத் துண்டு போடலாம். ஆனால் வெட்டினால் பால் வடியும் கள்ளி எதுவும் கூடாது. அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உன்னிச்செடி ஆகியவை நஞ்சு. சாலையோரப் புல்லும், கொசு மருந்தும் பூச்சிமருந்தும் அடித்த புல்லும் வேண்டாம்.

கீரை என்றதும் எல்லோர் கையும் பாலக்குக்கும் முளைக்கீரைக்கும்தான் போகிறது. இவற்றில் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டு உடலில் சேரவிடாது. எப்போதாவது ஒரு கிள்ளு பரவாயில்லை, அன்றாடத் தீனியாகக் கூடாது. வெள்ளரிக்காய் வெறும் தண்ணீர். தக்காளி, வாழைப்பழம், தர்பூசணி ஆகியவற்றின் சர்க்கரை குடலைக் கெடுத்துப் பேதியாக்கும். சோறு, சப்பாத்தி, பிஸ்கட், நாய்த் தீனி எதுவும் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள். கணவாயின் ஓடுதான் அது. கத்தியால் சுரண்டிய தூளை வாரத்துக்கு மூன்று நான்கு நாள் ஒரு சிட்டிகை தீனியில் தூவலாம். காலையில் வெயில் காய்ந்து உடம்பு சூடேறிய பிறகே தீனி வையுங்கள். குளிர்ந்த உடம்பில் தின்றது செரிக்காது.

குடற்புழுவுக்கு மருந்து தரும்போது கால்நடை மருத்துவரிடம் இது ஆமை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். ஆட்டுக்கும் நாய்க்கும் போடும் ஐவர்மெக்டின் ஊசி ஆமையைக் கொன்றுவிடும். ஆமையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சால்மோனெல்லா கிருமி அதன் மேல் இயல்பாகவே இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கையில் கொடுக்காதிருப்பதே நல்லது. பேசினைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

இதையெல்லாம் செய்ய முடிந்தாலும் வாங்கும் முன் இன்னொன்றை யோசிக்க வேண்டும். சல்கேட்டா உலகின் மூன்றாவது பெரிய தரை ஆமை. வளர்ந்தது ஐம்பது கிலோவையும் தாண்டும், மனித ஆயுளுக்கு ஈடாக வாழும், சுவரோரம் மண்ணைத் தோண்டி உள்ளே போய்விடும். தோட்டம் இல்லாத வீட்டில் சில ஆண்டுகளுக்குமேல் வைக்க முடியாது.

சட்டமும் உண்டு. சல்கேட்டா வெளிநாட்டு இனம் என்றாலும் அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்துக்கான சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கிய 30 நாட்களுக்குள். நம் ஊர் நட்சத்திர ஆமையோ எந்த வகையிலும் வீட்டில் வைக்கக் கூடாதது. அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, சிறைத்தண்டனை உண்டு. 'அதிர்ஷ்ட ஆமை' என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், வனத்துறையிடம் சொல்லுங்கள்.

குட்டியை விற்கும் கடைக்காரர்கள் ஒரே ஒரு தாள் தமிழில் அச்சிட்டு, பெட்டியின் அளவு, தினக்குளியல், அருகம்புல், ஐம்பது கிலோ, பதிவு ஆகிய ஐந்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். மாநிலக் கால்நடை பராமரிப்புத் துறை இதைக் கட்டாயமாக்கும்படி தங்கள் நாளிதழ் வழியே கேட்டுக்கொள்கிறோம். வைத்துக்கொள்ள முடியாதவர்கள் ஏரியிலோ காட்டோரத்திலோ விட்டுவிட வேண்டாம். ஏரியில் மூழ்கிவிடும், காட்டில் பிழைத்தாலும் நோயைப் பரப்பக்கூடும். அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் தகவல் சொன்னால் அடுத்து என்ன செய்வது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
தரை ஆமை வளர்ப்பில் உள்ள வாசகர்கள்,
தாம்பரம்