அரையாண்டு விடுமுறையை முன்னிட்டுப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லமுறையில் நிறைவடைந்துள்ளன. விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்துள்ளனர். பத்தாம் வகுப்புக்கான சிறப்பு வகுப்புகள் விடுமுறைக்குப் பின் தொடரும்.

இத்துடன் ஒரு முக்கியமான செய்தியையும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். கடந்த மாதம் ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர், பழைய கைபேசியிலிருந்து கழற்றி வீட்டில் போட்டிருந்த உப்பிய பேட்டரி ஒன்றை எடுத்து வந்து, இடைவேளையில் கவராய முனையால் குத்திப் பார்த்திருக்கிறார். அது சீறிப் புகையத் தொடங்கியதும் பயந்துபோய்க் குப்பைக் கூடையில் வீச, உள்ளிருந்த காகிதங்கள் பற்றிக்கொண்டன. எங்கள் தூய்மைப் பணியாளர் உடனே மணலை அள்ளிக் கொட்டியதால் யாருக்கும் காயமில்லை. அம்மாணவரை நாங்கள் தண்டிக்கவில்லை. கைக்கெட்டும் இடத்தில் கிடந்த பொருளைத்தான் அவர் எடுத்திருக்கிறார்.

லித்தியம் பேட்டரியின் இரு மின்முனைகளையும் மெல்லிய படலம் ஒன்றே பிரித்து வைத்திருக்கிறது. அது கிழிந்தால் உள்ளேயே குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டு, எளிதில் தீப்பிடிக்கும் திரவம் சூடேறி எரியும். சார்ஜ் நிற்கவில்லை என்று நாம் ஒதுக்கிவிட்ட பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் எஞ்சியிருக்கக்கூடும். பழைய டிரிம்மர்கள் சிலவற்றில் உள்ள நிக்கல்-காட்மியம் பேட்டரியோ அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காவிட்டாலும், அதிலுள்ள காட்மியம் மண்ணிலும் நீரிலும் கலந்து சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கும்.

ஆகவே கண்டிப்புடன் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தப் பேட்டரியும் பிள்ளைகளின் பையில் பள்ளிக்கு வரக்கூடாது. வீட்டுக் குப்பையிலும் அதைச் சேர்க்கக்கூடாது. தனியாகப் பிரித்து ஒப்படைப்பது பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 நம்மீது சுமத்தியுள்ள கடமை. குப்பை வண்டியில் அது நசுங்கித் தீப்பற்றினால் அருகில் நிற்பவர் தூய்மைப் பணியாளர். அப்பணியில் இருக்கும் பெற்றோர் நம் பள்ளியிலும் உள்ளனர். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது பழைய டார்ச், கொசு பேட், ரிமோட் கார் ஆகியவற்றைத் தயவுசெய்து நெருப்பில் போட்டுவிடாதீர்கள்.

பேட்டரியின் முனைகளில் செலோடேப் ஒட்டி, சாவி, சில்லறைக் காசுகளோடு சேராமல், உலர்ந்த பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். கழற்ற வராவிட்டால் நெம்பாமல் கருவியோடு அப்படியே வைக்கலாம். உப்பியதை மீண்டும் சார்ஜ் போடாமல், மணல் நிரப்பிய மண்சட்டியில் வீட்டுக்கு வெளியே வைத்து, அந்தக் கைபேசி நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்டு ஒப்படையுங்கள். மற்றவற்றைப் பள்ளி திறந்தபின் வரும் முதல் சனிக்கிழமை காலை, பெரியவர்களே நேரில் கொண்டுவந்தால், அறிவியல் ஆசிரியர் பெற்றுக்கொள்வார். பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் அவற்றைச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

வேலைக்கும் வீட்டுக்கும் இடையே தங்களுக்கு நேரம் கிடைப்பது அரிது என்பதை அறிவேன். நடந்ததைக் கேட்டதும் குறை கூறாமல் துணைநின்ற பெற்றோர் ஆசிரியர் கழகத்தினருக்கும், மறுநாளே வந்து வீட்டிலிருந்த மற்ற பேட்டரிகளையும் ஒப்படைத்த அம்மாணவரின் தாயாருக்கும், தங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்