சபாநாயகருக்கும் ஒரு கெடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சட்டமன்ற சபாநாயகர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த நாற்காலியில் உட்காருகிறவர் தன் கட்சியை மறந்துவிட வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நடக்குமா? 1967-ல் மக்களவை சபாநாயகரான நீலம் சஞ்சீவ ரெட்டி காங்கிரஸிலிருந்து விலகினார். இரண்டே வருடம்தான். 1969-ல் பதவியை விட்டுவிட்டு அதே காங்கிரஸின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்றார். பிரிட்டனில் சபாநாயகர் மறுபடியும் தேர்தலில் நின்றால், பெரிய கட்சிகள் பொதுவாக அவரை எதிர்த்து ஆள் நிறுத்துவதில்லை. இங்கே யார் அப்படி விட்டுக்கொடுப்பார்கள்? மு.அப்பாவு 2016-ல் ராதாபுரத்தில் வெறும் 49 ஓட்டில் தோற்றவர். 2021-ல் ஜெயித்து சபாநாயகர் ஆனார். அவரிடம் போய்க் கட்சியை விட்டு விலகி இருங்கள் என்றால், அடுத்த தேர்தலில் அவருக்கு யார் பூத் வேலை பார்ப்பார்கள்?

ஆகவே நல்ல மனிதர் வருவார் என்று காத்திருப்பதை விட, வருகிறவர் கையில் என்ன அதிகாரம் கொடுத்திருக்கிறோம் என்று பார்ப்பதே மேல்.

அவை நடத்தும் விஷயத்தில் நாம் கொஞ்சம் தேறியிருக்கிறோம் என்றே சொல்வேன். 1972 டிசம்பரில், சபாநாயகர் கே.ஏ.மதியழகன் மீது நீக்கத் தீர்மானம் வந்த அன்று, அவர் தன் நாற்காலியில் இருக்க, துணை சபாநாயகர் பெ.சீனிவாசன் பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி போட்டு உட்கார, இருவரும் ஒரே நேரத்தில் அவையை நடத்தினார்கள். 2025 மார்ச் 17 அன்று அப்பாவு மீது அ.தி.மு.க. கொண்டுவந்த தீர்மானத்தின்போது அவர் பேசாமல் எழுந்து வெளியே போனார். துணை சபாநாயகர் கு.பிச்சாண்டி அவையை நடத்தினார். எண்ணிப் பார்த்து 63-க்கு 154 என்று தீர்மானம் தோற்றது. வானளாவிய அதிகாரம் என்று பேசப்பட்ட சபாநாயகர் பி.எச்.பாண்டியன் காலத்தில், 1987-ல், ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியருக்கு மூன்று மாதச் சிறை விதித்தார்கள். அதற்கு எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே விட வேண்டியதாயிற்று. இதெல்லாம் ஊர் பார்க்க நடந்தவை, ஊரே கேள்வி கேட்டது. பார்வைக்கே வராதது, கட்சி மாறியதாகப் புகாரான உறுப்பினரின் பதவியைப் பறிப்பதா என்று சபாநாயகரே முடிவு செய்யும் கட்சித் தாவல் வழக்குதான்.

2017-ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 18-ல் நம்பிக்கை வாக்கெடுப்பு. ஓ.பன்னீர்செல்வம் உள்ளிட்ட பதினோரு அ.தி.மு.க. உறுப்பினர்கள் எடப்பாடி பழனிசாமி அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். ஆகஸ்டில் இரு அணியும் சேர்ந்தன, ஓ.பி.எஸ். துணை முதல்வரானார். மறுநாளே அ.தி.மு.க.வில் டி.டி.வி.தினகரன் பக்கம் இருந்த பத்தொன்பது பேர் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவையில் எதிர்த்து ஓட்டுப் போட்டதல்ல, வெறும் கடிதம். கட்சிக் கொறடா சபாநாயகரிடம் புகார் கொடுத்தார். ஒருவர் மனம் மாறித் திரும்பிவிட்டார். மீதிப் பதினெட்டுப் பேரின் பதவியையும் சபாநாயகர் ப.தனபால் செப்டம்பர் 18-ல் பறித்தார். புகார் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அந்தப் பதினோரு பேர் மீதும் அதே 2017-ல்தான் புகார் போனது. 2020 பிப்ரவரியில், வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோதுதான், நோட்டீஸே போனது. 2021-ல் சட்டமன்றத்தின் காலமே முடிந்தது, முடிவு வரவில்லை. பதினெட்டுப் பேர் போனதால் பெரும்பான்மைக்கு வேண்டிய எண்ணிக்கை குறைந்தது, பதினோரு பேர் இருந்ததால் ஆளுங்கட்சி வரிசை நிறைந்தது.

பதினெட்டுப் பேரை நீக்கியது தப்பு என்று நான் வாதாடவில்லை. 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். அக்டோபரில் மூன்றாவது நீதிபதி நீக்கம் செல்லும் என்றார். சரி, செல்லட்டும். ஒரு புகாருக்கு வாரக் கணக்கிலும் இன்னொன்றுக்கு வருடக் கணக்கிலும் நேரம் எடுக்க ஒரே மனிதருக்கு எப்படி முடிந்தது?

எங்கள் சாத்தூர் அந்தப் பதினெட்டில் ஒன்று. வழக்கு நடந்ததால் இடைத்தேர்தலும் வரவில்லை. 2019 மே வரை எங்களுக்கு எம்.எல்.ஏ. கிடையாது. எங்கள் பக்கத்து ஓடையில் மழைக்காலத்தில் தண்ணீர் வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றித்தான் போக வேண்டும். சின்னப் பாலம் ஒன்று கேட்டு மனு கொடுத்தோம். எம்.எல்.ஏ. நிதியில் செய்யலாமே, அவரிடம் கடிதம் வாங்கி வாருங்கள் என்றார் அலுவலகத்தில் இருந்தவர். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இது தமிழ்நாட்டு வியாதி மட்டும் அல்ல. மணிப்பூரில் கட்சி மாறிய ஓர் உறுப்பினர் பற்றிய வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட புகார்களைச் சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது. இந்த அதிகாரத்தைச் சபாநாயகரிடமிருந்து எடுத்து ஒரு நிரந்தரத் தீர்ப்பாயத்திடம் கொடுப்பது பற்றி நாடாளுமன்றம் யோசிக்கட்டும் என்றும் சொன்னது. நாடாளுமன்றம் யோசித்த மாதிரி தெரியவில்லை. 2025 ஜூலையில் தெலங்கானாவில், காங்கிரஸ் பக்கம் போன பத்து பி.ஆர்.எஸ். உறுப்பினர்கள் விஷயத்திலும் மூன்று மாதக் கெடு வைக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு ஊர்க்காரரும் டெல்லிக்குப் போய்த் தனித்தனியாகக் கெடு வாங்கிவர வேண்டும் என்றால் எப்படி?

டெல்லியை எதிர்பார்க்காமல் நாமே செய்ய வழி இருக்கிறது. அரசியல் சட்டத்தில் கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையின் 8-வது பத்தி, விசாரணைக்கான விதிகளை எழுதும் அதிகாரத்தைச் சபாநாயகருக்கே கொடுத்திருக்கிறது. விதிகளை முப்பது நாள் அவை முன் வைத்தால் போதும். தமிழ்நாட்டில் 1986 முதல் அப்படி விதிகள் இருக்கின்றன. விளக்கம் கொடுக்க உறுப்பினருக்கு ஏழு நாள் என்று அவை கெடு வைக்கின்றன. தீர்ப்புச் சொல்ல வேண்டியவருக்கு ஒரு கெடுவும் இல்லை. 'புகார் வந்த தொண்ணூறு நாளுக்குள்' என்று ஒரு வரி சேர்க்க அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை, ஆளுநர் கையெழுத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

எந்தக் கட்சியும் தானாக இதைச் செய்யாது, இன்று எதிர்வரிசையில் இருந்து கத்துகிறவர்கள் உட்பட. அடுத்த முறை கட்சித் தலைவர்களைப் பேட்டி எடுக்கும்போது உங்கள் நிருபர்கள் இந்த ஒரு வரியைச் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா என்று கேட்டு, வரும் பதிலை அப்படியே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாத்தூர்