விளக்கு ஏற்றினால் எத்தனை பாயிண்ட்?

அன்புள்ள முத்துக்குமாருக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை முயன்றேன். பேச்சு பாதியிலேயே சாம்பார்ப் பொடிக்குப் போய்விடுகிறது. அதனால் நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நம்பர் போட்டிருக்கிறேன், வரிசை மாறாமல் படி.

பொங்கலுக்கு வந்திருந்தபோது அடுப்படி வாசலில் நின்றுகொண்டு ஒன்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "நாங்க செய்யற கேம்ல ஒரு கோயில் வருதும்மா. விளையாடறவன் அங்க விளக்கு ஏத்தினா பதிலுக்கு என்ன கொடுக்கலாம்? உயிர் கூட்டலாமா, காசு கொடுக்கலாமா?" நான் சிரித்துவிட்டுத் தோசையைத் திருப்பப் போய்விட்டேன். நீ விடவில்லை. பழைய லேப்டாப்பில் நாலைந்து கேமைப் போட்டுக் கொடுத்து, "விளையாடிட்டு சொல்லு" என்று வண்டி ஏறிப் போய்விட்டாய். சரி, விளையாடியாயிற்று. இப்போது சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு பழைய பாக்கி. 2007, உன் பிளஸ் டூ பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. பேங்கிலிருந்து வந்து பார்க்கிறேன், கம்ப்யூட்டரில் 'சிவிலைசேஷன் 4' என்று, ஒரு நாட்டை வளர்த்து ஆளும் கேம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் பிஸ்மார்க் இந்து மதத்தைத் தோற்றுவித்திருக்கிறார்! நீ வேறு பெருமையாக விளக்கினாய்: பல தெய்வ வழிபாடு என்ற படிப்பை யார் முதலில் முடிக்கிறார்களோ அவர்கள் நாட்டில் இந்து மதம் பிறக்கும், தியானத்தை முதலில் முடித்தால் பௌத்தம், இப்படி மொத்தம் ஏழு மதம். காசி விஸ்வநாதர் கோயிலைக் கட்டிவிட்டால் அந்த மதம் பரவிய ஊருக்கு ஒரு பொன் வீதம் உண்டியலில் வந்து விழும். நான் பிளக்கைப் பிடுங்கினேன். நீ சேவ் பண்ணியிருக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கோபம் எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது. சாமியைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். கேலியே இல்லை அது. யார் மனமும் புண்படக் கூடாது என்று ஏழு மதத்துக்கும் ஒரே சட்டம், ஒரே பலன் வைத்திருக்கிறார்கள். பேங்கில் ஏழு கவுண்டர், எதில் நின்றாலும் அதே வட்டி என்பது போல. மரியாதையாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த மரியாதையில் சாமி காணாமல் போய், வட்டி மட்டும் மிஞ்சிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் அந்த கேம் திறக்கும்போது வரும் பாட்டை நான் சமையலறையில் முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். 'பாபா யேது' என்று ஆரம்பிக்குமே, அது. ஏதோ ஆப்பிரிக்கத் தாலாட்டு என்று எண்ணியிருந்தேன். போன மாதம்தான் தெரிந்தது, "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று நான் படித்த பள்ளியில் தினமும் காலையில் சொன்ன அதே ஜெபம், ஸ்வாஹிலியில்! கிறிஸ்டோபர் டின் இசையமைத்தது. வீடியோ கேமுக்காகச் செய்த இசையில் முதலில் கிராமி விருது வாங்கியது அதுதான், 2011-இல். கணக்கு மட்டும் போடும் ஒரு கேமின் வாசலில் அப்படி ஒரு பாட்டு. பிளக்கைப் பிடுங்கிய கைதான் இத்தனை வருடம் அதற்குத் தாளமும் போட்டிருக்கிறது.

நீ போட்டுக் கொடுத்ததில் ரொம்பப் பழையது 'அல்டிமா 4'. 1985-இல் வந்ததாமே. படமே புள்ளி புள்ளியாக இருந்ததால் முதல் நாள் மூடி வைத்துவிட்டேன். அப்பாதான் அதைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னார்: அதைச் செய்த ரிச்சர்ட் காரியட்டின் முந்தைய கேமைப் பார்த்து, இது சாத்தான் வேலை என்று பெற்றோர்கள் கடிதம் எழுதினார்களாம். "உன் கட்சிக்காரங்க அங்கயும் இருக்காங்க" என்று ஒரு குத்து வேறு. அந்த மனிதர் அடுத்ததாகச் செய்ததில் கடைசியில் கொல்வதற்கு வில்லனே கிடையாது. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டிலும் தேறி 'அவதார்' ஆக வேண்டும். சொல் நம் அவதாரம்தான். ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு சன்னிதி, ஒரு மந்திரம்; ஆன்மிகத்துக்கு மந்திரம் 'ஓம்'.

அதில் மூலிகை விற்கும் ஒரு பார்வையற்ற பெண் வருகிறாள். எவ்வளவு சரக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டு விலையைச் சொல்வாள். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை நாமே தட்ட வேண்டும். குறைத்துக் கொடுத்தால் அவளுக்குத் தெரியாது. உனக்கு நம் பேங்க் கவுண்டருக்கு வரும் பென்ஷன்காரத் தாத்தாவை ஞாபகம் இருக்காது. இரண்டு கண்ணும் தெரியாது. ஒவ்வொரு நோட்டாக நான் வாய்விட்டு எண்ணுவேன், அவர் விரலால் நீளம் அளந்து பார்த்து மடித்துக்கொள்வார். இருபத்தொன்பது வருட சர்வீஸில் நான் பயந்து பயந்து எண்ணியது அவருக்கு மட்டும்தான். கேமில் சோதனைக்காக ஒரே ஒரு காசு கொடுத்துப் பார்த்தேன். திரையில் ஒன்றும் ஆகவில்லை. பாயிண்ட் குறையவில்லை, எச்சரிக்கை வரவில்லை. ஆனால் உள்ளே எங்கோ நேர்மைக் கணக்கில் கழித்துவிடுகிறார்கள் என்று அப்பா சொன்னார். நம் நிலை என்ன என்று தெரிய வேண்டுமானால் கோட்டைக்குப் போய் ஒரு ஞானியிடம் கேட்க வேண்டும். அவரும் எண்ணிக்கை சொல்லமாட்டார், நன்றாகப் போகிறாய், இன்னும் போக வேண்டும் என்கிற மாதிரிதான் பேச்சு. சித்திரகுப்தன் ஏட்டை நமக்குக் காட்டுகிறானா என்ன? அடுத்த தடவை அவளுக்கு முழு விலையையும் கொடுத்தேன்.

புனேக்காரர்கள் செய்த 'ராஜி'யும் பார்த்தேன். சுவரில் உள்ள ஓவியங்களுக்குத் துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்லிக்கொண்டு வருவது அழகு. சண்டையை விட்டுவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் துர்க்கை சூலம் கொடுக்கிறாள், விஷ்ணு வில் கொடுக்கிறார். எனக்கு அது ஆயுதக் கடை மாதிரிதான் பட்டது. நீ கோபித்துக்கொள்ளாதே.

'இண்டிகா'வுக்கு வருகிறேன். அதை இரண்டு முறை விளையாடினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யா, உண்மை பாதி கற்பனை பாதி. கன்னியர் மடத்தில் யாருக்கும் பிடிக்காத ஒரு இளம் கன்னியாஸ்திரி. அவள் காதில் சாத்தான் பேசிக்கொண்டே இருக்கிறான், அதுவும் நன்றாகப் படித்த வக்கீல் மாதிரி. ஆரம்பத்திலேயே அவளைக் கிணற்றில் தண்ணீர் எடுக்கச் சொல்கிறார்கள். ராட்டினத்தைச் சுற்று, வாளியைத் தூக்கு, பனியில் கால் புதைய நடந்து போய்த் தொட்டியில் ஊற்று. ஒன்று. திரும்பி நட. இரண்டு. மெதுவாகத்தான் நடப்பாள், ஓட முடியாது. மூன்றாவது வாளியில் எனக்கு நிஜமாகவே தோள் வலித்தது. அப்பா பக்கத்திலிருந்து, "இதுக்கா லேப்டாப் கொடுத்துட்டுப் போனான்?" என்றார். ஐந்தாவது வாளியும் ஊற்றி முடித்ததும் ஒரு வயதான கன்னியாஸ்திரி வருகிறாள், அத்தனை தண்ணீரையும் தரையில் கவிழ்த்துவிட்டுப் போகிறாள்.

நான் கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சினிமாவில் இதைக் காட்டியிருந்தால் அந்தப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட்டிருப்பேன். இங்கே தண்ணீர் சுமந்தது நான். கோபமும் எனக்குத்தான் வந்தது. அப்புறம் ஒரு யோசனை. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறேன், எட்டு மணிக்குள் பால்காரன் சைக்கிள் அதன் மேல் ஏறிப் போய்விடுகிறது. மறுநாளும் போடுகிறேன். ஒருநாளும் கோபம் வந்ததில்லை. இரண்டும் ஒன்றா, வேறா? கோலத்தை யாரும் என்னைப் போடச் சொல்லவில்லை, அதுதான் வித்தியாசம் என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு மாமியார் காலத்தை நினைத்துக்கொண்டேன். பதிலை அங்கேயே விட்டுவிட்டேன்.

அந்த கேமில் பாயிண்டும் உண்டு. படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றினால் பாயிண்ட், புனிதப் பொருளைக் கண்டெடுத்தால் பாயிண்ட். குற்றவுணர்வு, துக்கம் என்றெல்லாம் பெயர் வைத்து அவற்றைப் படிப்படியாக உயர்த்தலாம். உயர்த்தினால் கிடைப்பது இன்னும் அதிக பாயிண்ட். அந்த பாயிண்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று கேமே சொல்லிவிடுகிறது, ஒளிவு மறைவு இல்லாமல். அப்படியும் நான் ஒரு மெழுகுவர்த்தியைக்கூட விடவில்லையடா! வழி தப்பிப் போய்த் தேடித் தேடி ஏற்றினேன். நம் நவக்கிரகத்தில் ஒன்பது சுற்றை விரல்விட்டு எண்ணுகிறவள்தானே.

இன்னொரு இடம். சாத்தான் பேசப் பேச அவளைச் சுற்றி உலகமே இரண்டாகப் பிளக்கிறது. ஜெபம் செய்யும் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒட்டிக்கொள்கிறது, விட்டால் மறுபடி பிளவு. ஜெபத்தை விடாமல் பிடித்திருந்தால் கரையேறிவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. சில வழி ஒட்டியிருந்தால்தான் இருக்கிறது, சில வழி பிளந்திருந்தால்தான் திறக்கிறது. பிடித்தும் விட்டும்தான் தாண்ட வேண்டியிருக்கிறது. இதைச் செய்த 'ஆட் மீட்டர்' குழு மாஸ்கோவில் இருந்தது, உக்ரைன் போர் தொடங்கிய பிறகு கஜகஸ்தானுக்குப் போய்விட்டது என்று படித்தேன். ஊரை விட்டுப் போனவர்கள் செய்தது என்று தெரிந்த பிறகு அந்தப் பிளவு வேறு மாதிரி தெரிகிறது.

'தட் டிராகன், கேன்சர்' மட்டும் நீ போட்டுக் கொடுத்திருக்க வேண்டாம். இல்லை, போட்டுக் கொடுத்தது நல்லதுதான். அமெரிக்காவில் கொலராடோவில் ரயன் கிரீன், ஏமி கிரீன் என்ற தம்பதி. மகன் ஜோயலுக்கு ஒரு வயதில் மூளையில் கட்டி. அவன் உயிரோடு இருக்கும்போதே கேமைத் தொடங்கினார்கள். 2014-இல், ஐந்து வயதில் போய்விட்டான். 2016-இல் கேம் வந்தது. ஏமிக்கு நம்பிக்கை உறுதி, கடவுள் குணமாக்குவார் என்கிறாள். ரயன் தண்ணீருக்குள் மூழ்குகிறவர் மாதிரி இருக்கிறார். இருவரும் ஜெபிக்கிறவர்கள்தான்.

ஆஸ்பத்திரி அறையில் ஓர் இரவு. குழந்தைக்கு உடம்பில் தண்ணீர்ச்சத்து இல்லை, குடித்தது எதுவும் தங்கவில்லை, அழுகிறது. தூக்கிக்கொண்டு நடக்கலாம், ஜூஸ் கொடுக்கலாம், தொட்டிலில் விடலாம். எதைச் செய்தாலும் அழுகை நிற்காது. நான் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன், சில பொருளை இரண்டு முறை. கடைசியில் அப்பாக்காரர் உடைந்துபோய் ஜெபிக்கிறார், அப்போது அழுகை அடங்குகிறது. ஆனால் அது நான் கண்டுபிடித்த பட்டன் இல்லை. நான் ஒன்றும் ஜெயிக்கவில்லை.

நம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், பாதியில் எழுந்து போய் மோட்டார் போட்டார். தொட்டி நிறைந்துதான் இருந்தது, வழிகிற சத்தம் எனக்கே கேட்டது.

உனக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சலைப் பற்றி நான் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று உண்டு. குணமாகி வீட்டுக்கு வந்த வாரம் வைத்தீஸ்வரன் கோயிலுக்குக் கிளம்பினோம், உனக்குப் பேர் கொடுத்த முத்துக்குமாரசாமியைப் பார்க்க. உப்பும் மிளகும் வாங்க மறந்துவிட்டேன் என்று பஸ்ஸில் நான் புலம்ப, அப்பா ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து இரண்டு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். கோயில் வாசலில் வெளியிலேயே நின்று பேப்பர் படிக்கிற மனிதர். எப்போது வாங்கினீர்கள் என்றேன். "கடைக்குப் போனேன், கிடந்துச்சு" என்றார். இன்றுவரை அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. இப்போது இந்த கேமை மூடிய பிறகும் கேட்டுப் பார்த்தேன். "டீ போடறியா?" என்றார்.

இப்போது உன் கேள்வி. விளக்கு ஏற்றினால் ஒன்றும் கொடுக்காதே. உயிரும் வேண்டாம், காசும் வேண்டாம். விளக்கு எரியட்டும், அவ்வளவுதான். ஆடுகிறவர்கள் ஏற்றாமலே கடந்து போவார்கள் என்று உன் ஆபீஸில் சொல்வார்கள். போகட்டுமே. ஏற்றுகிறவர்கள் சில பேர் இருப்பார்கள்.

ஊருக்கு உபதேசம் என்று நினைக்காதே, என் கணக்கும் ஒன்று சொல்கிறேன். உன் பிளஸ் டூவுக்காக ஒரு லட்சத்து எட்டாயிரம் ஸ்ரீராமஜெயம் எழுதினேன் அல்லவா? பக்கத்துக்கு 108 என்று ஐந்து நோட்டு. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் முடித்துச் சாமி முன்னால் வைத்தேன். ரிசல்ட் வந்து, நீ பாஸ், மார்க்கும் நான் வேண்டிக்கொண்டதற்கு மேல். மூன்று நாள் கழித்து நோட்டுகளைக் கட்டி வைக்கும்போது பார்க்கிறேன், ஒரு நோட்டில் மட்டும் பக்கத்துக்கு ஒரு வரி குறைவு. 108 இல்லை, 104. இருநூறு பக்கம். ஆக எண்ணூறு ஷார்ட். மேலே இருப்பவர் அதைக் கவனிக்காமலேயே கிளியர் பண்ணிவிட்டார். கேட்பாரும் இல்லை, கேட்க ஒன்றும் பாக்கியும் இல்லை. அந்த எண்ணூறையும் உட்கார்ந்து எழுதினேன். லட்சத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது அது மட்டும்தான். மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து, வடாம் காய்ந்துகொண்டிருக்க, அவசரமே இல்லாமல் எழுதினேன்.

அந்த நோட்டு பரணில் இருக்கிறது. வேண்டுமென்றால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், உன் கோயில் சுவரில் வரைய உதவும்.

கடைசியாக ஒரு உதவி. 'ஜர்னி'யில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு மணலில் நடந்து, எங்கோ தெரியும் மலைக்குப் போகிறோமே, அது. வழியில் யாரோ ஒருவர் சேர்ந்துகொண்டார், பேர் தெரியாது, பேச்சும் கிடையாது, ணங் ணங் என்று சத்தம் மட்டும் கொடுத்துக்கொண்டு ஒட்டி ஒட்டி நடந்தோம். மலைக்குப் பக்கத்தில் போனதும் ஒரே பனி. நடை குறைந்துகொண்டே வந்தது. எந்தப் பட்டனை அழுத்தியும் பலனில்லை. அவர் விழுந்தார், அப்புறம் நானும் விழுந்துவிட்டேன். திரை வெள்ளையாகிவிட்டது. பயந்துபோய் லேப்டாப்பை மூடி வைத்திருக்கிறேன். செத்துவிட்டேனா, முதலிலிருந்து நடக்க வேண்டுமா, அந்த ஆள் என்ன ஆனார், எல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லு.

அன்புடன்,
அம்மா