செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கொடியேற்றம், பொங்கல் விளையாட்டுப் போட்டி, சித்திரைத் திருவிழா நீர்மோர்ப் பந்தல் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கண் பரிசோதனை முகாம் மழையால் தள்ளிப்போய் நடக்கவே இல்லை.

இனி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் உள்ளவர்களை வைத்தியத்துக்குக் கூட்டிப்போகிற வேலை. "போதை ஊசி போடுற பயல்களுக்குச் சங்கம் ஏன் அலையணும்?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அவர்கள் நம் தெருப் பிள்ளைகள், அதனால்தான். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிப் போட்டால் ரத்தம் வழியாக ஒட்டுகிற வைரஸ் இது, பஞ்சையும் மருந்து கலக்கும் மூடியையும் பகிர்ந்தாலும் ஒட்டும். வருஷக்கணக்கில் வெளியே தெரியாமல் கல்லீரலைச் சுருக்கிவிடும். தடுப்பூசி கிடையாது. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் போகாது. ஆனால் மாத்திரையில் போகும். 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அது இலவசம். கல்லீரல் சுருங்காதவர்களுக்கு சோஃபோஸ்புவிரும் டக்லடாஸ்விரும் தினம் ஒரு வேளை, 12 வாரம், நூற்றுக்கு 95 பேர் அளவில் குணமாகிறார்கள். முன்பு இன்டர்ஃபெரான் ஊசியை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு, காய்ச்சலும் மனச்சோர்வும் தாங்காமல் பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர்!

"முதலில் ஊசியை விடட்டும், அப்புறம் வைத்தியம்" என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இப்போதும் ஊசி போடுகிறவர்களுக்கும் இந்த மாத்திரை நன்றாகவே வேலை செய்கிறது, ஒருவர் குணமானால் அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போவதும் நிற்கிறது. மறுபடி தொற்றலாம் என்பது உண்மைதான், அதற்குத்தான் ஒவ்வொரு தடவையும் புது ஊசியும், போதை ஊசிக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரையும்.

மாட்டுத்தாவணியில் பூ மூட்டை தூக்கும் தம்பி ஒருவருக்கு வீடு கிடையாது. டீக்கடை அக்கா சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் அவருடைய மாத்திரை டப்பாவை வைத்துக்கொண்டு, காலையில் டீயோடு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, நாட்காட்டியில் கோடு போடுவார். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்க எடுத்த வைரல் லோடு பரிசோதனையில் வைரஸ் இல்லை. அப்படியும் ஒரு கம்பெனி அவரை வேலைக்கு எடுக்கவில்லை, ஆன்டிபாடி பாசிட்டிவாம்! ஆன்டிபாடி என்பது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்குவது, குணமான பிறகும் அது ரத்தத்தில் இருக்கும், அதை வைத்து நோயாளி என்று சொல்லக் கூடாது என்று நான் நேரில் போய்ச் சொல்லியும் கேட்கவில்லை.

இந்த வேலைக்கு வந்து நின்றவர்கள் மூன்று பேர்தான். கூட்டத்துக்கு வராதவர்கள், வாட்ஸ்அப்பில் மட்டும் கருத்துச் சொல்கிறவர்கள், இரண்டு வருஷச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள், பெரும்பாலும் ஒரே ஆட்கள். பெயர் போடவில்லை, அவரவருக்குத் தெரியும். வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி, பந்தலுக்குத்தான் அதிகம் போனது, நோட்டு பொருளாளரிடம் இருக்கிறது.

தலைவர், பொருளாளர், ஒலிபெருக்கி தந்தவர், மகளிரணிச் சகோதரிகள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த வருஷமும் நானே செயலாளராக இருக்கச் சொன்னால் இருக்கிறேன், ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஆட்களைத் தனியாகக் கூட்டிப்போக என்னால் முடியாது. முதல் தடவை கூட யாராவது போகாவிட்டால் ஓ.பி. வரிசையைப் பார்த்தே திரும்பிவிடுகிறார்கள். காலையில் வண்டியோடு வரக்கூடியவர்கள் சொல்லுங்கள். சந்தாவை இந்த மாதக் கடைசிக்குள் கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்