லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் போட்ட 5 கிலோவாட் சோலார் - புகார்

வணக்கம் சார்,

பெரும்பாக்கம் பக்கம் எங்க அசோசியேஷன் சார்பா எழுதுறேன். 32 சின்ன ஃப்ளாட், எல்லாரும் லோன்ல வாங்கினவங்க, மெயின்டனன்ஸ் காசு வசூல் பண்றதே பெரும்பாடு, அதுல மிச்சம் புடிச்சு, மத்திய அரசு மானியம் கிலோவாட்டுக்கு 18,000 வருதேன்னு மோட்டாருக்கும் லிஃப்ட்டுக்கும் உங்ககிட்ட 5 கிலோவாட் போட்டோம். கொட்டேஷன்ல ஒரு நாளைக்கு 20 யூனிட்னு எழுதினது நீங்கதான். இப்ப நல்லா வெயில் அடிக்கிற நாள்லயே ஆப்ல 12, 13தான் காட்டுது, மழை நாளை நான் கணக்குலயே சேர்க்கல.

போன் பண்ணா "சென்னை சூடு சார், பேனல் சூடானா அப்படித்தான்"ங்கறாங்க. மார்கழில என்ன சார் சூடு? சரி, சூடுன்னே வச்சுக்குவோம், உங்க டேட்டாஷீட்லயே 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் குறையும்னு இருக்கு, பேனல் 60 டிகிரி போனாலும் 12 சதவீதம் சொச்சம்தான் போகணும், மீதி எங்க போச்சு? கிலோவாட்டுக்கு 4 யூனிட்ங்கிறதே சூடெல்லாம் கழிச்சு சொல்ற கணக்குதானே.

விஷயம் தண்ணி டேங்க். உங்க ஆள் சைட் பார்க்க வந்தது வைகாசில. அப்ப மத்தியான சூரியன் நம்ம ஊருக்கு வடக்கால இருக்கும், டேங்க் நிழல் தெக்கால விழும், அவரும் நிழலே இல்லன்னு எழுதிட்டு டேங்க்குக்கு வடக்க ஒட்டி மாட்ட சொல்லிட்டார். சூரியன் தெக்க இறங்குனதும் நிழல் நாலு பேனலோட ஓரத்துல வந்து உக்காருது, ஓரத்து செல் வரிசை மறைஞ்சாலே அந்த பேனல்ல பாதி காலி. இதை கண்டுபிடிச்சது எங்க வாட்ச்மேன், உங்க இன்ஜினியர் இல்ல. போதாக்குறைக்கு சாய்வு பேருக்குதான் இருக்கு, புழுதியும் காக்கா எச்சமும் மழைல கூட வழிஞ்சு போகல, அடில காத்து போக நாலு விரல் கேப் கூட கிடையாது. அப்புறம் சூடாகாம என்ன பண்ணும்!

உங்க சேல்ஸ் மேடம் இன்னும் ரெண்டு பேனல் டிஸ்கவுண்ட்ல தர்றேன்னாங்க. வேண்டாம். ஸ்ட்ரக்சரை உங்க செலவுலயே உசத்தி, தெக்கு பார்த்து 12, 13 டிகிரி சாய்ச்சு, டேங்க்கை விட்டு தள்ளி மாட்டுங்க. தள்ள இடம் பத்தலன்னா நிழல் படுற நாலையும் தனி ஸ்ட்ரிங்கா, அதாவது மத்த பேனலோட சேராத தனி வரிசையா இணைச்சு, இன்வெர்ட்டர்ல சும்மா கிடக்கிற ரெண்டாவது இன்புட்ல குடுங்க. டேங்க்கை நகர்த்துங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, மொத்த பில்டிங்குக்கும் தண்ணி அதுலதான்.

இது முடியிற வரைக்கும் பாக்கி தொகை வராது, கமிட்டில பேசி முடிவு பண்ணியாச்சு. ஆள் அனுப்புறதா இருந்தா இந்த மாசத்துக்குள்ளயே, அதுவும் வெயில் இருக்கிறப்ப அனுப்புங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து நிழல் இல்லன்னு மறுபடியும் எழுதிட்டு போயிட போறார்.

இப்படிக்கு,
அசோசியேஷன் பொருளாளர்