முதல் வீடு வாங்கும் குடும்பங்களுக்குச் சிறு வீடுகள் கட்டித் தர வேண்டி மனு

அனுப்புநர்
வாடகை வீடுகளில் வசிக்கும் தொழிலாளர் குடும்பங்கள்,
செம்மண்டலம், கடலூர்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

பொருள்: முதன்முறையாக வீடு வாங்குவோருக்கு வீட்டு வசதி வாரியம் வாயிலாகச் சிறு வீடுகள் கட்டி விற்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

இம்மனுவை எழுதும் நான் சிப்காட் ஆலை ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மாதம் 26,000 ரூபாய் சம்பளத்தில் 7,000 ரூபாய் வாடகைக்குப் போகிறது; மனைவியின் தையல் வருமானத்தில்தான் சேமிப்பு. இதில் கையொப்பமிட்டுள்ள மற்றவர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. கலைஞரின் கனவு இல்லம் ஊரகப் பகுதிக்கான திட்டம் என்பதால், மாநகராட்சி எல்லைக்குள் குடியிருக்கும் எங்களுக்கு அது பொருந்தாது. தனியார் விற்கும் மனையும் வீடும் எங்கள் கைக்கு எட்டுவதில்லை.

எட்டும் விலையில் கிடைப்பவை தாழ்வான இடங்களாகவே இருக்கின்றன. சென்ற ஆண்டு தென்பெண்ணையாற்றுப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பார்த்தோம். புதிதாக வெள்ளையடித்திருந்தும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது வெள்ளம் நின்ற பழுப்புக் கோடு, மீட்டர் பெட்டிக்கு ஒரு முழம் கீழே சுவரில் ஊறித் தெரிந்தது. விற்பவர் அதை மறைக்கவில்லை. “ரெண்டு நாள்ல வடிஞ்சிடும்” என்றார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு முன்பணம் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட, சொந்த வீடில்லாத குடும்பங்களுக்கு வீட்டுக் கடன் வட்டி மானியமாக அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய் ஐந்து ஆண்டுத் தவணைகளில் தரப்படுகிறது. ஆனால் 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள தனி வீட்டைப் பதிவு செய்ய முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து அதே 1.80 லட்சம் ரூபாயை ஒரே நாளில் கட்ட வேண்டியுள்ளது. இந்தத் தொகையை வங்கிகள் பொதுவாகக் கடனில் சேர்ப்பதில்லை என்பதால், மாதத் தவணை கட்டும் சக்தி உள்ளவர்கள்கூடப் பத்திரப் பதிவுக்குப் பணம் புரட்ட முடியாமல் பின்வாங்குகிறார்கள். பெண்கள் பெயரில் பதிவு செய்தால் 1 விழுக்காடு குறைவு என்ற சலுகை 1.4.2025 முதல் நடைமுறையில் இருப்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறோம்; ஆயினும் அது 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்துக்கு மட்டுமே என்பதால், இந்நகரில் வீடு வாங்கும் பெண்களில் மிகச் சிலருக்கே பயன்படும்.

எனவே, மாநகராட்சி எல்லையிலோ அதை ஒட்டியோ வெள்ளம் ஏறாத மேட்டு நிலமாக உள்ள அரசுப் புறம்போக்கைக் கண்டறிந்து, அங்கே 400 முதல் 500 சதுர அடியில் ஒரு படுக்கையறை வீடுகளை வீட்டு வசதி வாரியம் கட்டி, லாப நோக்கின்றி விற்க அரசுக்குப் பரிந்துரைக்குமாறு வேண்டுகிறோம். இதற்கு முன் எங்கும் வீடு வாங்காதவர்களுக்கு மட்டும் வெளிப்படையான குலுக்கலில் ஒதுக்கி, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மறுவிற்பனையைத் தடை செய்தால், முதலீட்டுக்காக வாங்குவோர் கையில் அவை போய்ச் சேரா. பெண்களுக்கான மேற்கண்ட பதிவுச் சலுகையின் மதிப்பு வரம்பை, முதல் வீடு வாங்குவோருக்கு 25 லட்சம் ரூபாயாக உயர்த்தவும் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும்.

நிலத் தேர்வுக்கு முன் எங்கள் பகுதி மக்களையும் அழைத்துக் கேட்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை நாங்கள் நேரில் காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்.

இடம்: கடலூர்