நார்வால் வேட்டையில் காணாமற்போன மிதவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ விளையாட்டுகளில் வரும் விலங்குவதை பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 'அசாசின்ஸ் கிரீட் ரோக்' விளையாட்டில் நார்வால் என்னும் நீண்ட தந்தமுள்ள பனிக்கடல் திமிங்கிலத்தை ஈட்டி எறிந்து கொல்லும் பகுதியையே நீக்கியிருக்க வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தக் கண்டனம் புதிதும் அல்ல. 2013இல் இதே வரிசையின் கடற்கொள்ளையர் விளையாட்டான 'பிளாக் ஃபிளாக்' வந்தபோதே அதிலுள்ள திமிங்கில வேட்டையைப் பீட்டா அமைப்பு சாடியது. கடற்கொள்ளையரின் அழுக்கு உடம்பையும் குடிவெறியையும் கூடத்தான் நாங்கள் ஆதரிக்கவில்லை என்று விளையாட்டை உருவாக்கிய யூபிசாஃப்ட் நிறுவனம் குறும்பாகப் பதில் சொன்னது. மறு ஆண்டே ரோக்கில் வேட்டை வடக்கே பனிக்கடலுக்குப் போய்விட்டது.

என் குறை வேறு. வேட்டையைக் காட்டியிருக்கிறார்கள், ஆனால் அரைகுறையாக. கப்பலிலிருந்து சிறு படகை இறக்குகிறோம். ஈட்டி பட்டதும் விலங்கு படகை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. திரையில் அதன் உயிரைக் காட்டும் பட்டை தேய்கிறது. இன்னும் சில ஈட்டிகள், கதை முடிந்தது. பிறகு அது நாயகன் ஷேயின் உடைமைகளை மேம்படுத்தும் கச்சாப் பொருள், அவ்வளவுதான்.

உண்மையில், கொல்லப்பட்ட நார்வால் பல நேரம் மூழ்கிவிடும். வளர்ந்த ஆண் ஒன்று ஒரு டன்னுக்கு மேல் எடை இருக்கும், போனால் போனதுதான். வடதுருவப் பகுதிப் பழங்குடிகளான இனுயிட் மக்களின் வேட்டை நுட்பமெல்லாம் இந்த இழப்பைத் தடுப்பதற்காக உருவானது. கயாக் என்னும் குறுகிய துடுப்புப் படகில் ஓசையின்றி நெருங்கி எறியும் ஈட்டியின் முனை, உடலுக்குள் இறங்கியதும் கழியிலிருந்து கழன்று குறுக்காகத் திரும்பிக்கொள்ளும். அதனுடன் வாரால் இணைத்த, காற்று ஊதிய சீல் (கடல்நாய்) தோல்பைதான் மிதவை; அது நீரில் மிதந்து, முங்கும் விலங்கைக் களைக்கவைக்கும். எங்கே போனாலும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வடமேற்குக் கிரீன்லாந்தின் கானாக் பகுதியில் இன்றும் கயாக்கிலிருந்து கையால் ஈட்டி எறிந்து மிதவையைப் பிணைத்த பிறகே துப்பாக்கியை எடுக்கலாம் என்பது விதி.

ரோக்கின் கதை 1752 முதல் 1760 வரை நடக்கிறது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் பற்றி பிரிட்டன் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் எழுதிய நூல் வெளியானது 1753இல். ஐரோப்பிய மாலுமிகள் ஈறு அழுகிச் செத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காய்கறி விளையாத கரைகளில் இனுயிட் மக்கள் 'மட்டாக்' தின்று நலமாக இருந்தார்கள். கொழுப்போடு சேர்த்து அரிந்த நார்வால் தோல்தான் அது. பச்சையாகவே தின்பார்கள், வைட்டமின் சி நிறைய உண்டு. ஷேயின் மாலுமிகளுக்கு அதில் ஒரு துண்டு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை!

தந்தத்தைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. மேல்தாடையின் இடப்பக்கக் கோரைப் பல் முறுக்கிக்கொண்டு மூன்று மீட்டர் வரை வளர்வதுதான் அது. ஐரோப்பாவில் ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்று சொல்லி விற்றார்கள். 1638இலேயே டென்மார்க்கின் மருத்துவ அறிஞர் ஓலே வோர்ம் குட்டை உடைத்துவிட்டார். ஆனாலும் அதே நாட்டு மன்னர் அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தத் தந்தங்களைக் கொண்டு முடிசூட்டு அரியணை செய்துகொண்டார். விளையாட்டுக்கு இதைவிட நல்ல துணைக்கதை எங்கே கிடைக்கும்?

வேட்டையை நீக்கச் சொல்வதற்குப் பதிலாக, கட்டுரையாளர் ஒரே ஒரு விதியைச் சேர்க்கச் சொல்லியிருக்கலாம்: மிதவை கட்டாமல் கொன்றவனுக்குத் தோலும் இல்லை, எலும்பும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி